ஒரு படி கீழே வைத்த வரம்பு

இந்த டச்சு ஊரில் மின்சாரம் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. வந்து நாலு வருஷமாகியும் எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. தி. நகரில் வாங்கி, பெட்டியில் துணிமணிக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த ஸ்டெபிலைசர் எங்கள் ஃபிரிஜ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதை ஏதோ ஆஸ்பத்திரிக் கருவி என்று நினைத்து, "வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று பரிவோடு விசாரித்தார். ஃபிரிஜுக்குத்தான் என்றேன். மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை.

அபிராமபுரத்தில் எங்கள் வீட்டு டி.வி. ஒரு மழை நாளில் புகைந்துபோனதைப் பார்த்தவன் நான். அந்தப் பயத்தையே பிழைப்பாக்கிக்கொண்டேன். போனிலிருந்து சிக்னலை வெளியே தள்ளும் சிப்பில், டிரான்சிஸ்டர் எத்தனை வோல்ட் தாங்கும் என்று வரம்பு கட்டுவது என் வேலை. கொடுப்பது மூன்றரை வோல்ட்தான். உள்ளே அது இரண்டு மடங்குக்கும் மேல் எகிறும். ஆன்டெனாவைக் கையால் பொத்தினால், வெளியே போன அலை திரும்பி வந்து டிரான்சிஸ்டரையே அடிக்கும். உடனே வெடித்தாலாவது தேவலை. பெரும்பாலும் வெளியே தெரியாமல் தேய்ந்துகொண்டே போகும். அதனால் என் வரம்பு எப்போதும் ஒரு படி கீழேதான்.

என் மேலாளர் மரீகா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "மூர்த்தி, உன் சிப் பத்து வருஷம் உழைக்கும். ஜனங்கள் போனை மூன்று வருஷத்தில் தூக்கிப் போடுகிறார்கள். இது உன் ஊர் மின்சாரம் கொடுத்த பயம்." நான் கேட்டால்தானே? போட்டிக் கம்பெனி வரம்பை ஏற்றி, கூடுதல் சக்தி காட்டி ஆர்டரைத் தட்டிக்கொண்டு போனது. எங்கள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். விசா விதிப்படி மூன்று மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டு மாதம் போய்விட்டது.

"எதுக்குடா அங்க தவிச்சுண்டு கெடக்கற? இங்க இல்லாத வேலையா?" என்றான் சென்னையிலிருந்து போனில் அண்ணா. நேற்று வேளச்சேரிக் கம்பெனி ஒன்று வீடியோவில் நேர்காணல் வைத்தது. கேள்வி கேட்டவர் என் டிசைனைப் பார்த்துச் சிரித்தேவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இது வெளிநாட்டுல பழகின பயம். நம்ம ஊர்ல இவ்ளோ பயந்தா வேலை ஓடாது."

எனக்கு அழுகை வந்தது. சிரித்து வைத்தேன்.

மகள் பள்ளிக்கூடப் படிவத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அடுத்த வருஷம் தொடர்வாளா, விலகுவாளா என்று இரண்டு கட்டம். நாளைக்குக் கொடுக்க வேண்டும். "மொதல் கட்டத்துல டிக் பண்ணுப்பா, அவ்ளோதானே" என்று போகும்போது சொன்னாள். பேனாவைத் திறந்தேன். மை காயுமே என்று மூடினேன். மறுபடி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.