பட்டக் கயிற்றில் நான் போட்ட முடிச்சு

கஹவத்தைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒரு வருடம் ஆடித் திருவிழாவுக்குப் புதுப் போட்டி ஒன்று வைத்தோம். காற்றில் பறக்கும் பெரிய பட்டம் இழுத்துப் போக, சக்கரம் வைத்த பலகையில் நின்று ஓட வேண்டும். விபத்துக் காப்புறுதி இல்லாமல் மைதானம் இல்லை என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. அதனால் பெல்மதுளையிலிருந்து காப்புறுதி முகவர் ஒருவர் ஒத்திகை பார்க்க வந்தார். சிங்களவர், தமிழும் பேசுவார்.

என் கணவர் பலகையில் ஏறினார். கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றும் படங்கை இறுக்குவதுபோலவே, பட்டக் கயிற்றை அவர் இடுப்பில் நான்தான் கட்டினேன்.

"விழுந்தா கயித்த எப்படி விடுறது?" என்று கேட்டார் முகவர்.

"என் முடிச்சு அவுழாதுங்க ஐயா, பயப்படாதீங்க," என்றேன் பெருமையாக.

"அதுக்குத்தான் பயப்படுறேன், நங்கி," என்றார், சிங்களத்தில் தங்கையை அழைப்பதுபோல.

அப்போதே காற்று பட்டத்தைத் தூக்கியது. பலகை கவிழ்ந்து, கணவர் தரையோடு இழுபட்டு மைதானத்து ஓரப் பள்ளத்தை நோக்கிப் போனார். முகவர் பாய்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, பட்டத்துக்கு மூங்கில் சீவியது, பக்கத்தில் கிடந்தது; அதால் நான் கயிற்றை அறுத்தேன். முழங்கால் உரிந்ததோடு போயிற்று.

முகவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ சேற்றுச் சட்டையோடு உட்கார்ந்து, "கயிறு கையில இருக்கணும், விட்டா போயிரணும். ஹெல்மட் போடுங்க. பள்ளத்துப் பக்கம் ஓட வேணாம். எல்லாம் செஞ்சிட்டுக் கூப்பிடுங்க, வாறேன்," என்றார். சொன்னபடியே வந்து பார்த்து, காப்புறுதியும் செய்து கொடுத்தார். போட்டியில் யாருக்கும் அடிபடவில்லை.

இப்போது எந்தப் போட்டி என்றாலும், எப்படி நிறுத்துவது என்று பார்த்த பிறகே தொடங்குகிறோம். அந்த மனிதரை நினைக்காமல் ஒரு திருவிழாவும் போனதில்லை. அந்த முடிச்சு இனி என் படங்குக்கு மட்டும்தான்.