காற்று பிரியும்வரை

எங்கள் வீட்டில் பன்னிரண்டாவது வரை படித்த முதல் ஆள் நான். அதுவும் உயிரியல் எடுத்துப் படித்தவள். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அதனால், 1991 ஐப்பசியில் என் வயிற்றிலிருந்த பிள்ளை ஒன்பதாம் மாதத்திலும் தலையை மேலே வைத்துக்கொண்டு சட்டமாக உட்கார்ந்திருந்தபோது, அதை வீட்டாருக்கு விளக்கும் பொறுப்பும் எனக்கே வந்து சேர்ந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் நான் காட்டிக்கொண்டிருந்த நர்சிங் ஹோமில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"தலை திரும்பல. முதல் பிரசவம், உனக்கு இடுப்பும் குறுகல். வலி வர்ற வரைக்கும் காத்திருந்தும் பாக்கலாம். ஆனா நடுவுல சிக்கிக்கிச்சின்னா, மயக்க மருந்து குடுக்கிற டாக்டர் காஞ்சிபுரத்துலேந்து ஸ்கூட்டர்ல வந்து சேரணும். முன்கூட்டியே நாள் வெச்சு ஆபரேஷன் பண்ணா எல்லாரும் தயாரா இருப்போம். ஆபரேஷன்னா ஒண்ணுமே இல்லன்னு சொல்ல மாட்டேன். வயித்தைத் திறக்கிறோம், ஆற நாளாகும். யோசிச்சு சொல்லு."

யோசித்துச் சொல்லு என்று ஒருவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்குக்கூட யாரும் அப்படிச் சொல்லவில்லை.

தலைப்பிரசவம் என்பதால் தண்டலத்துப் புகுந்த வீட்டிலிருந்து பென்னலூரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மாவை எதிரில் உட்காரவைத்து ஒரு செம்பை எடுத்தேன். அதற்குள் கத்தரிக்காய் ஒன்றைக் காம்பு அடியில் இருக்கும்படி போட்டேன்.

"எம்மா, செம்புதான் கர்ப்பப்பை. செம்போட வாய்தான் வழி. காம்புதான் தலை. தலை மொதல்ல வரணும். ஆனா பாரு, உள்ள மாட்டிக்கினு கீது."

அம்மா செம்பை வாங்கிக் கவிழ்த்து, பின்னால் ஒரு தட்டுத் தட்டினாள். கத்தரிக்காய் மடியில் விழுந்தது.

"வந்துட்ச்சே" என்றாள். "இதுக்கு இன்னாத்துக்கு வவுத்த கிழிக்கணும்?"

அப்பா மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். "போன வருசம் செவலக்கி கண்ணு இப்டித்தான் திரும்பிக்கினு இருந்திச்சி. ரெண்டு பேரு கைய வுட்டு இஸ்தாங்க. இப்ப துள்ளிக்கினு ஓடுது."

"நா மாடு இல்லப்பா."

"மாடு வாயத் தொறக்காம கெடந்துச்சி" என்றார் அப்பா.

என் கணவர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து, இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "நீ சொல்றதுதான்" என்று என்னிடமும், "நீங்க சொல்றதும் சரிதான்" என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டு ஓவர்டைம் இருப்பதாகக் கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை அம்மா அரிசி களைந்தபடியே பேசினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "உனக்கு மின்ன ஒரு புள்ள, கால் மொதல்ல வந்திச்சி. தல மாட்டிக்கினு வரல. வந்தப்ப மூச்சு இல்ல."

எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"அதான் எனக்கு ரெண்டு பக்கமும் பயமா கீது" என்றாள். "நீ இன்னா செய்யணுமோ செய்யி. ஆனா ஒண்ணு. அஞ்சாவதோட நிறுத்துறேன்னு சொன்ன உங்கப்பன் கிட்ட சண்ட போட்டு உன்ன படிக்க அனுப்புனவ நா. கிழிச்சி ஏதாச்சும் ஆச்சின்னா, அந்த மனுசன் என்னத்தான் கேப்பாரு. ஊரே கேக்கும்."

ஆபரேஷன் என்று அன்றைக்கே முடிவு சொன்னேன். நல்ல நாள் பார்க்க அம்மா கிளம்பினாள். மயக்க மருந்து டாக்டர் வருவது புதனும் சனியும்தான் என்று தெரிந்ததும், பஞ்சாங்கமும் புதன்கிழமைக்கு ஒத்துக்கொண்டது.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே யாரோ என்னைக் கழற்றி வைத்துவிட்டது போல் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா வெண்டைக்காய் விலையைப் பற்றி நர்ஸிடம் பேசியபடியே என் பெண்ணை வெளியே எடுத்தார். முதலில் வந்தது பிட்டம்தானாம். அழுகை கேட்டது. நானும் அழுதேன். வெற்றி என்று நினைத்தேன்.

அப்புறம்தான் தெரிந்தது, பரீட்சை இன்னும் முடியவில்லை என்று.

மறுநாள் காலை நர்ஸ் வந்து வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: "காத்து பிரிஞ்சுதா?"

வயிற்றைத் திறந்தால் குடல் தூங்கிப்போய்விடுமாம். அது விழித்துக்கொண்டதற்கு அடையாளம் கீழே காற்று பிரிவது. அதுவரை வாயில் ஒன்றும் கிடையாது. உதட்டில் ஈரத்துணி மட்டும். பெருங்குடல் படம் வரைந்து பாகங்களைக் குறித்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். என் சொந்தப் பெருங்குடல் என்னை மதிக்கவில்லை.

"இல்ல சிஸ்டர்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

ஏழு கட்டில்கள் கொண்ட வார்டு அது. பத்து மணிக்குள் ஏழு கட்டிலுக்கும் என் விஷயம் தெரிந்துவிட்டது. எதிர்க்கட்டில் அம்மாள் ஓமம் கொடுக்கச் சொன்னார். அவருக்கு அடுத்தவர் ஓமமே கூடாது என்றார். குழந்தை பார்க்க வந்தவர்கள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "ஆச்சா?" என்றார்கள்.

நர்ஸ் என்னை நடக்கச் சொன்னார். "நடந்தாதான் குடல் முழிக்கும்."

"தையல் வுட்டுடும் சிஸ்டர்" என்று அம்மா குறுக்கே கை நீட்டி மறித்தாள்.

"விடாது. நாங்க என்ன கோணியா தெச்சிருக்கோம்?"

எழுந்திருப்பதே ஒரு பெரிய வேலை. நேராக எழ முடியாது. ஒருக்களித்துப் படுத்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக உடம்பை மேலே தள்ள வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இரும வேண்டும். கூன் போட்டபடி வராந்தாவில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நடந்தேன். பள்ளியில் பரிசு வாங்க மேடையேறிய நடை எங்கே போனதென்று தெரியவில்லை.

மாலைக்குள் அம்மா முகம் சுருங்கிவிட்டது. "உங்கப்பன் காலையிலேந்து ரெண்டு வாட்டி ஆள் அனுப்பிக் கேட்டுட்டாரு. படிச்ச வவுறு வேல செய்யுதான்னு கேட்டு அனுப்புறாரு."

அன்று சாயங்காலம் நர்ஸ் வந்தபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஆய்டிச்சி சிஸ்டர். நல்லாவே ஆய்டிச்சி. காபி குடுக்கலாமா?"

"எத்தனை தடவை?"

"ரெண்டு மூணு வாட்டி."

காபி என்ற சொல்லைக் கேட்டதும் என் தொண்டை சம்மதித்துவிட்டது. ஆனால் குடல் தூங்கும்போது குடித்தால் வாந்தி வரும், வயிறு உப்பும், தையலுக்கு ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "இல்ல சிஸ்டர், இன்னும் ஆகல" என்றேன்.

நர்ஸ் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனார். அம்மா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். "பெத்தவள பொய்க்காரி ஆக்கிட்டியேடி. இதையும் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?"

வெள்ளிக்கிழமை மதியம், காலை ஷிப்ட் முடிந்ததும் என் கணவர் வந்தார். கூடவே அவருடைய சூப்பர்வைசரும் லைனில் வேலை செய்யும் இரண்டு பேரும் ஆப்பிளும் பிஸ்கட்டுமாக வந்து நின்றார்கள். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு கௌரவமாகப் படுத்திருந்தேன்.

சூப்பர்வைசர் குழந்தையைப் பார்த்தார். பிறகு கவலையோடு கேட்டார். "இன்னாம்மா, இன்னும் கிளியர் ஆவலியாமே?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஆப்பிளைப் பார்த்தார்.

"ஏர் லாக் சார் அது" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர். "நம்ம மூணாம் நம்பர் கம்ப்ரசர்ல வர்றாப்போலதான். வால்வ தொறந்து வுட்டுட்டு, சைடுல ஒரு தட்டு தட்னா போதும்."

"டேய், எம்பொண்டாட்டிடா அது!" என்றார் என் கணவர்.

"நா தட்றேன்னா சொன்னேன்? மெயின்டெனன்ஸ் ஆளுங்கதான் தட்டணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் சுருக்கென்று இழுக்கும். இழுத்தால் சிரிக்கக் கூடாது என்று தோன்றும். அப்படித் தோன்றினால் இன்னும் சிரிப்பு வரும். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் அது நடந்தது. சின்னதாக இல்லை.

சூப்பர்வைசர் ஜன்னல் வழியாக மழை வருமா என்று பார்க்கத் தொடங்கினார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். குழந்தைதான் என்று எல்லாரும் பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கப் பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர்!" என்று கூப்பிட்டேன். குரல் நன்றாகவே வந்தது. "காத்து பிரிஞ்சிடுச்சி சிஸ்டர்!"

நர்ஸ் வந்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். "சத்தம் நல்லா இருக்கு. மொதல்ல ரெண்டு ஸ்பூன் வெந்நீர் குடுங்க" என்றார்.

அம்மா கொடுத்த முதல் ஸ்பூனில் பாதி என் கழுத்தில் வழிந்தது. சூப்பர்வைசர், "ரொம்ப சந்தோஷம்மா" என்று கைகூப்பிவிட்டுப் போனார். குழந்தைக்கா, இதற்கா என்று நான் கேட்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் மறுநாள் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகும் ஒரு பெண் காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். அம்மா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அவளிடம் போய் நின்றாள்.

"இன்னாத்துக்கு அழுவுற? எம்பொண்ணு தானா முடிவு பண்ணி செஞ்சிக்கினா. பாத்தியா? ஒண்ணியும் ஆவல. முதுவுல ஒரு ஊசி, அவ்ளோதான். எட்டாம் நாளு தையல் பிரிச்சிடுவாங்க. ஒன்றர மாசம் கொடம் தூக்காத. எழுந்திரிக்கும்போது கைய ஊணி எழுந்திரி. அப்பறம் நட. நடந்தா தையல் வுடாது. குடல் இருக்குது பாரு, அது முழிச்சிக்கினு எழுந்து உக்காரும்."

குடல் எழுந்து உட்காராது. திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா திரும்பி வந்து அதில் இரண்டாவது ஸ்பூனை ஊற்றினாள்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள். "அக்கா, நெசமா சொல்லுங்க. வலிக்குமா?"

"வலிக்கும்" என்றேன். "சிரிக்காம இருந்தா கொஞ்சம் கம்மி."