எங்கள் குட்டியானையின் கலர் லைட்டுகள்

ஐந்தாறு வருடங்களுக்கு முன் சங்கரன்கோவிலில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டில் நடந்தது இது. அப்போது என் மகனுக்குப் பத்து மாதம் முடிந்திருந்தது, தவழ்ந்துகொண்டிருந்தான். லோடு வண்டி நுழைந்தால் சைக்கிளில் வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய சந்து அது. சந்தின் கடைசி வீடு எங்களுடையது.

என் வீட்டுக்காரர் சொந்தமாகக் குட்டியானை ஓட்டுகிறார். சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். புளியங்குடி எலுமிச்சை மூட்டை, எங்கள் ஊர்த் துண்டுக் கட்டு என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு போவார். காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார்.

அந்த வண்டிக்கு நடந்த அலங்காரம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட நடக்கவில்லை. ஹெட்லைட்டுக்கு மேலே இமை வைத்த இரண்டு கண் ஸ்டிக்கர். கண்ணாடி இரண்டிலும் கலர் குஞ்சம். ஸ்டீயரிங்குக்கு வெல்வெட் உறை. ஐந்து விதமாகக் கத்தும் ஹாரன். போதாததற்கு வண்டியைச் சுற்றிலும் சிவப்பு, பச்சை, நீலமாக ஓடும் லைட்டு வேறு. வண்டிக்கு மொட்டை போட்டுக் காது குத்தாததுதான் பாக்கி.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, சேர்க்கை அப்படி. அவருடைய கூட்டாளி ஒருவர், ரிவர்ஸ் எடுத்தால் நாதஸ்வரம் வாசிக்கும்படி வண்டியில் ஏதோ மாட்டி வைத்திருந்தார். அவர் வண்டியைப் பின்னால் எடுத்தாலே தெருவில் யாருக்கோ கல்யாணம் என்று நினைப்போம். இன்னொருவர் பெரிய டயர் போட்டுக் காரைத் தூக்கி நிறுத்திவிட்டார். அப்புறம் அவரைப் பெற்ற அம்மா அதில் ஏறுவதற்கு வீட்டிலிருந்து முக்காலி கொண்டு வர வேண்டியதாயிற்று.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்று நான் கேட்டால் என் வீட்டுக்காரருக்கு ஒரே பதில்தான். "தூரத்துல பாக்கும்போதே நம்ம வண்டின்னு தெரியணும்ட்டி!"

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் அந்த வண்டிக்கு மயங்கிப்போயிருந்தேன். பொழுது சாய்ந்ததும் வண்டி சந்து முனையில் திரும்பும். அங்கேயே ஹாரனை ஒரு பாட்டம் அடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்த நொடியில் என் மகன் கையில் இருப்பதை எல்லாம் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வாசலைப் பார்த்துத் தவழ்வான். அப்பா சத்தம் பிள்ளைக்குத் தெரிகிறது என்று எனக்குப் பெருமை தாங்காது.

ஒருநாள் என் வீட்டுக்காரரின் அக்கா புளியங்குடியிலிருந்து வந்திருந்தார். நான் அவரை மைனி என்று கூப்பிடுவேன். மதியம் சமைத்துக்கொண்டிருக்கும்போது குக்கர் விசில் அடித்தது. மைனிக்கே தூக்கிவாரிப் போட்டது. என் மகனோ பக்கத்திலேயே உட்கார்ந்து அமைதியாகக் கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தான். மைனி ஒரு தாம்பாளத்தை எடுத்து அவன் முதுகுக்குப் பின்னால் தட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, புள்ள திரும்பவே இல்லையே. காது கேக்குதான்னு ஒருக்கா டாக்டர்ட்ட காட்டிரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்கலாம் போல இருந்தது. "சாயங்காலம் வரைக்கும் இருங்க மைனி. அவங்க அப்பா ஹாரன் அடிச்சதும் எப்படித் திரும்புதான்னு பாருங்க" என்றேன். அன்று சாயங்காலம் வண்டி வந்தது, ஹாரன் அடித்தது, மகன் திரும்பினான், தவழ்ந்தான். மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைத் தூக்கி முத்தம் கொடுத்தார். என்னிடம் மன்னிப்பு கேட்காத குறைதான். நான் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அவருக்குச் சுடச்சுட தோசை வார்த்துப் போட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, சிவகிரி பக்கம் வாகனச் சோதனையில் என் வீட்டுக்காரரை மடக்கி, அந்த ஹாரனைக் கழற்ற வைத்துவிட்டார்கள். பகல் நேரம் என்பதால் லைட்டு தப்பித்தது. "ஹாரன் போச்சுட்டி" என்று துக்கச் செய்தி சொல்வதுபோல போனில் சொன்னார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாவம், இன்றைக்கு அப்பா வருவது பிள்ளைக்குத் தெரியாதே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அன்று இருட்டின பிறகு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். ஹாரன் இல்லை, எந்தச் சத்தமும் இல்லை. பாயில் விளையாடிக்கொண்டிருந்த மகன் சட்டென்று நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே வாசலைப் பார்த்துத் தவழ ஆரம்பித்தான். ஹாரன் இல்லாமல் இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்து அவன் முதலில் நிமிர்ந்து பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். கதவுக்கு மேலே இருந்த கம்பி வழியாக உள்ளே விழுந்த வெளிச்சம், எதிர்ச் சுவரில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஹாரன் அடிக்கிற அதே முனையில் திரும்பும்போதுதான் அந்த வெளிச்சமும் வீட்டுக்குள் வரும். இத்தனை நாளும் என் பிள்ளை அந்த வெளிச்சத்தைத்தான் பார்த்திருக்கிறான்.

கரைத்த மாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். வீட்டுக்காரர் உள்ளே வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "சும்மா இருட்டி" என்றார். "அப்படின்னா லைட்ட எல்லாம் அணைச்சிட்டு, வண்டிய வெளிய எடுத்து மறுபடி கொண்டு வாங்க" என்றேன்.

அப்படியே செய்தார். இருட்டிலேயே வண்டி உறுமிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. மகன் திரும்பவில்லை. அவர் உள்ளே வந்து, அவன் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டு, "ஏலே மக்கா... மக்கா..." என்று கூப்பிட்டார். குரல் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்களே எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார். பிள்ளை கரண்டியால் பாயைத் தட்டிக்கொண்டிருந்தான். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாளே திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு காதும் கேட்கவில்லை என்று சோதனையில் தெரிந்தது. "சீக்கிரமா வந்துட்டீங்க, அதுவே நல்லது. நிறைய பேர் பேச்சு வரலைன்னு மூணு நாலு வயசுலதான் கூட்டிட்டு வர்றாங்க" என்றார் டாக்டர் அம்மா. ஆபரேஷன் செய்து கருவி பொருத்தலாம், அதன் பிறகு பேச்சுப் பயிற்சி கொடுத்தால் கேட்டுப் பேசுவான் என்று தைரியம் சொன்னார். முதல் வேலையாக மைனிக்கு போன் போட்டேன். நான் அழுததில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயம் புரிந்ததும், "நான் நாளைக்கே வாரேன், நீ தைரியமா இரு" என்று மட்டும் சொன்னார்.

ஆபரேஷனுக்கு நாள் கிடைக்கும் வரை அப்பாவும் மகனும் லைட்டாலேயே பேசிக்கொண்டார்கள். சும்மா ஓடிக்கொண்டிருந்த லைட்டுக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்தார் என் வீட்டுக்காரர். வாசலில் வண்டியை நிறுத்திப் பச்சை லைட்டை மட்டும் அணைத்து அணைத்து எரிய வைத்தால் 'வா, ஒரு சுற்று போகலாம்' என்று அர்த்தம். மகன் என் இடுப்பில் நிற்க மாட்டான், துள்ளுவான். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் சுவிட்சுமாக அவர் நின்றதைப் பார்த்தபோது, அந்த வண்டியைத் திட்டிய அத்தனை திட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து கருவிக்கு உயிர் கொடுத்த அன்று, அவன் மிரண்டுபோய் வீறிட்டு அழுதான். "அழட்டும், சத்தம் கேட்டதாலதான் அழுதான்" என்றார் டாக்டர் அம்மா. பிள்ளை அழுவதைப் பார்த்துப் பெற்றவர்கள் இரண்டு பேரும் சிரித்தது அங்கேதான் நடந்திருக்கும். அதற்குப் பிறகும் பேச்சு ஒரே நாளில் வந்துவிடவில்லை. வாரா வாரம் பயிற்சிக்கு பஸ் ஏறி, வீட்டில் ஒரே சொல்லை ஓயாமல் சொல்லிச் சொல்லி, என் தொண்டை கட்டிப்போன நாட்கள் உண்டு.

இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். வாய் ஓயாமல் பேசுகிறான், அப்பாவை மாதிரியே எதிர்த்தும் பேசுகிறான். அவன் அடுத்த அறையில் இருக்கும்போது நான் அடுப்படியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். "என்னம்மா?" என்று குரல் வரும். ஒன்றுமில்லை என்பேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிடுவேன். "எதுக்குத்தான் இப்படிச் சும்மா சும்மா கூப்பிடுதியோ!" என்று அலுத்துக்கொள்வான். கூப்பிட்ட குரலுக்குப் பதில் வருவது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பது, ஒரு காலத்தில் பதில் வராமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.