உதட்டுக்கு முன்னால் வந்த குரல்

இதில் பொய் ஒன்று இருக்குமானால் அது என் வயது மட்டும்தான். அதைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வேன். மற்றபடி நடந்தது நடந்தபடி. மணி, நிமிஷம் எல்லாம் பதிவு நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

ரோமில் முப்பது வருஷம் டப்பிங் கூடத்தில் ஒலிப்பதிவு செய்தவன் நான். எங்கள் படங்களில் முகம் ஒருத்திக்கு, குரல் இன்னொருத்திக்கு. யாரும் அதைக் குற்றமாக நினைத்ததில்லை. உதடும் சொல்லும் ஒட்டுகிறதா என்று பார்ப்பது என் வேலை. வினாடிக்கு இருபத்துநாலு ஃபிரேம் ஓடும். அதில் ஒன்று பிசகினாலும் எனக்குப் பல் கூசும். என் கல்யாணத்தில் பாதிரியாரே இரண்டு ஃபிரேம் தாமதம்.

எர்சீலியா இருபத்திரண்டு படங்களின் கதாநாயகி. ஒன்றில்கூட அவள் சொந்தக் குரல் கிடையாது. கியோஜா துறைமுகத்து மீனவப் பெண், கரகரத்த தொண்டை. எல்லாப் படத்துக்கும் யோலாந்தாதான் பேசினாள். துலக்கி எடுத்த வெள்ளிக் கரண்டி மாதிரிக் குரல் அது.

நடிப்பை விட்டபின் எர்சீலியா எழுத உட்கார்ந்தாள். மூன்று நாவல்கள். "குரல்தான் இரவல், எழுத்துமா?" என்று பத்திரிகைகள் சிரித்தன. நான்காவது அவளுடைய வாழ்க்கைக் கதை. அதன் முதல் நாலு அத்தியாயத்தை வானொலியில் அவளே வாசிக்க ஏற்பாடு. தன் தொண்டையைக் கேட்டாலாவது தன் எழுத்தை நம்புவார்கள் என்று நினைத்தாள்.

1974, ஆகஸ்ட் 15. கோடை விடுமுறையின் உச்ச நாள்; அன்றைக்கு ரோமில் நாய்கூடக் கடற்கரைக்குப் போய்விடும். பகல் இரண்டு நாற்பதுக்கு வந்தாள்.

"எதுக்கு மேடம் இன்னிக்குப் போய்? ஊரே காலி."

"அதான் இன்னிக்கு. என் தொண்டையைக் கேட்டுச் சிரிக்க ஒருத்தரும் இருக்கக் கூடாது."

"நான் இருக்கேனே."

"நீ சிரிச்சா காதை அறுத்துடுவேன், செத்திமியோ."

இரண்டு ஐம்பதுக்கு ஆரம்பித்தோம். அவள் கூடத்தில், நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். நன்றாகவே வாசித்தாள். உப்பும் மீன்வாடையும் வீசும் குரல். நாலாம் அத்தியாயத்தில் யோலாந்தாவைப் பற்றி ஒரே ஒரு வரி வரும்: மணிக்கூலிக்குக் கத்தின கிளி.

"இந்த வரியை விட்டுடலாமே மேடம். பாவம் அவங்க."

"பாவமா? இருபது வருஷம் என் வாயில குடியிருந்தா. வாடகை குடுத்தாளா?"

அந்த வரியை வாசித்தாள். மணி மூன்று இருபத்தாறு.

அடுத்த வரியில் எனக்குப் பல் கூசியது.

ஒரு ஃபிரேம். அவள் உதடு அசைவதற்கு ஒரு ஃபிரேம் முன்னால் சொல் வந்துவிட்டது. தாமதம் என்றால் கருவியைத் திட்டலாம். முந்தி வந்தால் யாரைத் திட்டுவது? ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மாட்டினேன்.

மூன்று ஃபிரேம்...

கரகரப்பு தேய்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் இன்னொருத்தி மூச்சிழுக்கும் சத்தம். ஸ்ஸ்... ஸ்ஸ்...

மூன்று நாற்பத்தொன்று. இப்போது முழு வாக்கியமும் முன்னால். எர்சீலியாவின் உதடு பின்னால் ஓடியது.

அது யோலாந்தாவின் குரல்.

எர்சீலியா என்னைப் பார்த்தாள். நிறுத்து என்று கையை ஆட்டினாள். வாய் நிற்கவில்லை.

பொத்தானை அமுக்கினேன். ஒலிநாடாச் சுருள் சுற்றியது.

மின்கம்பியைப் பிடுங்கினேன்.

சுற்றியது...

அத்தியாயம் முடிந்தது. பிறகு அதே குரலில், புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்.

"மூடு."

எர்சீலியா மூடினாள். மூன்று நாற்பத்தேழு.

பேச வாயைத் திறந்தாள். வெறும் காற்று. மறுபடி. காற்று. கைப்பையிலிருந்து உதட்டுச் சாயத்தை எடுத்துக் கண்ணாடியில் எழுதினாள்: அழி.

தலையாட்டினேன். அழிக்கத்தான் நினைத்தேன். ஆனால் முப்பது வருஷத்தில் அத்தனை சுத்தமான பதிவு என் கையில் அமைந்ததில்லை. இந்தத் தொழில்காரனுக்கு மட்டும் வரும் வியாதி அது. மறுநாள் வானொலிக்காரன் வந்தான். கொடுத்துவிட்டேன்.

செப்டம்பரில் ஒலிபரப்பினார்கள். கடிதம் மூட்டை மூட்டையாக வந்தது. 'படத்தில் கேட்ட அதே குரல்! இத்தனை நாள் சந்தேகப்பட்டதற்கு மன்னியுங்கள்' என்று எல்லோரும் எழுதினார்கள். அந்த மத்தியானத்துக்குப் பிறகு எர்சீலியாவுக்குக் குரலே திரும்பவில்லை. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள் டாக்டர்கள்.

யோலாந்தா ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம். அக்டோபரில் அவள் வீட்டுக்கே போனேன். தங்கை நெல்லா கதவைத் திறந்தாள். கூட வேலை பார்த்தவன் என்று மட்டும் சொன்னேன்.

"அக்காவைப் பார்க்கணுமா? போன வருஷம் தொண்டையில கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துட்டாங்க. ஒரு வருஷத்துக்கு மேல ஒரு சத்தம் இல்ல."

"இப்பவுமா?"

அவள் குரலைத் தணித்தாள். "ஆகஸ்ட் பதினஞ்சு மத்தியானத்துலேருந்து பேசறா. டாக்டர்கிட்ட சொன்னா என்னைப் பைத்தியம்ங்கறார்."

"அதே பழைய குரலா?"

"இல்லைங்க. கரகரன்னு... கியோஜா மீன்காரி மாதிரி. செத்திமியோன்னு யாரையோ கேட்டுக்கிட்டே இருக்கா. 'அழிச்சானா? அழிச்சானா?'ன்னு. ராத்திரி பகல் இல்ல, அழுகை." கதவை அகலத் திறந்தாள். "உள்ள வாங்க. ஆமா, உங்க பேர் என்ன?"

வாயில் வந்த வேறு ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.