டிபன் பாக்ஸில் ஓடிய படகு

எங்கள் வீட்டில் டிவிக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டரை யாரும் கம்ப்யூட்டர் என்று சொன்னதில்லை. டிபன் பாக்ஸ். அண்ணன் வைத்த பெயர். ஏதோ ஒரு ஆபீசில் கழித்துப் போட்ட ஒல்லிப் பெட்டி அது. ரிச்சி தெருவில் வாங்கி வந்து, மெமரி கூட்டி, பெரிய ஹார்ட் டிஸ்க் மாட்டி, டிவியோடு சேர்த்துவிட்டிருந்தேன். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த எனக்கு, திருவொற்றியூரில் அதைவிட அழகான பொருள் வேறு இல்லை. படம், பாட்டு, அக்கா கல்யாண வீடியோ என்று கேட்டதையெல்லாம் போட்டது. ஒரே ஒரு வீடியோவைத் தவிர.

அந்த ஒன்றைத்தான் நைனா கேட்டார்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் அவருடைய புது விசைப்படகைக் கட்டி முடித்தார்கள். கடலில் இறக்க நாளும் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள் ஒரு பலகை சரிந்து அவர் பாதத்தில் விழுந்தது. குறித்த நாளை மாற்றக் கூடாது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அவரே சொல்லிவிட்டார். படகின் மூக்கான அணியத்தில் அம்மா மஞ்சள் பூசி, பூசணிக்காய் உடைக்க, நைனா இல்லாமலே படகு இறங்கியது. கப்பலில் வேலை செய்யும் அக்கா வீட்டுக்காரர் அப்போதுதான் கடைக்கு வந்திருந்த ஹெச்.டி. கேமரா ஒன்றில் முழுவதையும் பிடித்து, டிபன் பாக்ஸில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, கேமராவோடு கப்பலுக்குத் திரும்பிவிட்டார்.

இப்போது தடை முடிந்துவிட்டது. மறுநாள் விடிந்தால் படகு முதல் தடவையாகத் தொழிலுக்குப் போக வேண்டும். அண்ணன்தான் ஓட்டப்போகிறான். ஆனால் நைனா சம்மதம் சொல்லவில்லை. ஒரு படகு முதல்முதலாகத் தண்ணீரைத் தொடும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்துத்தான் அவர் அதன் குணத்தை முடிவு செய்வார். ஐஸை எப்படி அடுக்குவது, வலையை எங்கே போடுவது எல்லாம் அதற்கப்புறம்தான். அன்றைக்கு அங்கே நின்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் இடது என்றார். ஒருவர் சாயவே இல்லை என்று அடித்துச் சொன்னார். அண்ணன் படகுக்குள்ளே சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாப் பக்கமும் ஆடியதாம்.

"நீங்க சொல்றது எல்லாம் கரையில நின்னவன் பேச்சு. என் கண்ணால பாக்காம அனுப்ப மாட்டேன்" என்றார் நைனா.

பார்ப்பதற்குத்தான் வீடியோ இருக்கிறதே என்று போட்டேன். படகு சாய்தளத்தில் நிற்கிறது. மேளச் சத்தம் கேட்கிறது. படகு அசைகிறது. அவ்வளவுதான், படம் அப்படியே உறைந்துவிட்டது. மேளம் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது. மறுபடி படம் உயிர் பெற்றபோது படகு தண்ணீரில் சமர்த்தாக மிதந்துகொண்டிருந்தது. நடுவில் இருந்த அந்த நொடியைக் காணோம். பின்னால் இழுத்துப் போட்டால் கட்டம் கட்டமாக உடைந்தது.

"இன்னா மே இன்ஜினியரு, உன் டிபன் பாக்ஸு விக்கிக்கினு கீது. கொஞ்சம் தண்ணி குடு" என்றான் அண்ணன்.

இறுக்கிச் சுருக்கி வைத்திருக்கிற இவ்வளவு பெரிய படத்தை நொடிக்கு நொடி பிரித்துக் காட்டுவது பெரிய வேலை, டிபன் பாக்ஸின் பழைய மூளைக்கு மூச்சு வாங்குகிறது, இதற்கென்றே கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒன்று வருகிறது என்று நைனாவுக்கு விளக்கினேன். சின்ன இஞ்சின், பெரிய வலை, அவ்வளவுதானே என்று கேட்டார். அவ்வளவேதான். வீடியோவைச் சின்னதாக மாற்றியும் காட்டியிருக்கலாம். அந்தப் பெட்டியின் வேகத்துக்கு அது முடிவதற்குள் படகு கிளம்பும் நேரம் தாண்டியிருக்கும். தவிர, கிராபிக்ஸ் கார்டு வாங்க இதைவிட நல்ல காரணம் என் வாழ்நாளில் கிடைக்குமா?

அம்மாவின் தையல் டேப்பை எடுத்துப் பெட்டியின் உள்வயிற்றை அளந்துகொண்டு அன்று காலையிலேயே ரிச்சி தெருவுக்கு ஓடினேன். கடைக்காரர் இரண்டு காற்றாடி வைத்த ஒரு தடியனை எடுத்து முன்னால் வைத்தார். இது நுழைந்தால் பெட்டியை மூட முடியாதே என்றேன். மூடி எதுக்கு மேடம், காத்தாட வெச்சிக்குங்க என்றார். நான் விடவில்லை. பாதி உயரம்தான் இருக்க வேண்டும், காற்றாடி கூடாது, என் பெட்டிக்கு வரும் சின்னப் பவர் சப்ளை தாங்க வேண்டும், ஹெச்.டி. படத்தைத் தானே பிரிக்க வேண்டும். அவர் பெருமூச்சு விட்டு, ஏணி போட்டு ஏறி, தூசி படிந்த ஒரு சின்ன அட்டைப் பெட்டியை இறக்கினார். கும்மிடிப்பூண்டி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். புது சர்க்யூட் போர்டின் வாசனை. ராயபுரம் தாண்டும்வரை மூடவே மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கார்டைப் பெட்டியோடு பிடித்து நிறுத்தும் தகடு நெட்டையாக மாட்டியிருந்தது. ஒல்லிப் பெட்டிக்கான குட்டைத் தகடு தனியாகக் கூடவே கொடுத்திருந்தார்கள். மாற்ற வேண்டும் என்றால் ஆறு பட்டை வைத்த குட்டி நட்டுகளைக் கழற்ற வேண்டும். அதற்கான ஸ்பேனர் இல்லை. கார்டை உறை மேலேயே மேஜையில் வைத்துவிட்டு மொபைல் ரிப்பேர் கடைக்கு ஓடினேன். நைனா பக்கத்தில் நாற்காலியில், கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்து, கண்ணை நட்டிலேயே வைத்துத் தகட்டை மாற்றி, கார்டை ஸ்லாட்டில் அழுத்தி, மூடியையும் மூடினேன். கச்சிதம். டேப் பொய் சொல்லவில்லை. வயரை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன்.

டிவி கருப்பாகவே இருந்தது.

வயரை மாற்றினேன். மெமரியைக் கழற்றி மாட்டினேன். கருப்பு. தூசி படிந்த பெட்டி என்றபோதே யோசித்திருக்க வேண்டும், செத்த கார்டை என் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டினேன். அண்ணன் வாசலில் நின்றுகொண்டு மணியைப் பார்த்தான். ஐஸ் ஏற்ற ஆட்கள் காத்திருந்தார்கள். கார்டைப் பிடுங்கி எடுத்தேன். விரல் வழுக்கியது.

தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்குமே, கார்டின் அந்த ஓரம் முழுக்கப் பழுப்பாக ஏதோ மெழுகியிருந்தது. முகர்ந்தேன். படகு இஞ்சினின் வாசனை. மெதுவாக நைனாவின் பக்கம் திரும்பினேன். அவர் ஆள்காட்டி விரலிலும் அதே பழுப்பு.

"தங்கமாட்டம் கீது கண்ணு. உப்புக் காத்துல பச்சை புட்ச்சிடுமேன்னு லைட்டா கிரீஸ் வெச்சேன்" என்றார்.

எங்கள் வீட்டில் இரும்பென்று பிறந்த எதுவும் கிரீஸ் படாமல் இருந்ததில்லை. கேட் கீல், தையல் மிஷின், மண்ணெண்ணெய் பம்பு, என் காம்பஸ் எல்லாவற்றுக்கும் படகு கிரீஸ்தான். கடலோர வீட்டில் அப்படிச் செய்யாவிட்டால் ஒன்றும் நிலைக்காது. புதுப் பொருள் வந்தால் முதல் மரியாதை அதுதான். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கார்டு சாகவில்லை! ஸ்லாட்டின் கம்பியைத் தொட முடியாமல் மூச்சு முட்டி நிற்கிறது, அவ்வளவுதான்.

நைனாவின் காலுக்கு மருந்து கட்ட வாங்கிய ஸ்பிரிட் அலமாரியில் இருந்தது. பஞ்சு வேண்டாம், நூல் விடும் என்றேன். கட்டுத் துணிச் சுருளில் இருந்து அவரே ஒரு முழம் கிழித்துக் கொடுத்தார். நான் கார்டைத் துடைத்தேன். புது டூத் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்து ஸ்லாட்டைத் தேய்த்தேன். துணி கறுக்கக் கறுக்க நைனா கிழித்துக்கொண்டே இருந்தார். கடைசித் துண்டு வெள்ளையாகவே திரும்பி வந்தது. நன்றாகக் காயவிட்டு மறுபடி மாட்டினேன்.

டிவி பளிச்சென்று எழுந்தது.

டிரைவர் சிடியைப் போட்டு ஏற்றி, அணைத்துத் திறந்து, படத்தைக் கார்டிடமே விடச் சொல்லிப் பிளேயரில் ஒரு டிக் போட்டேன். அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். மேளம் கேட்டது. படகு அசைந்தது. உறையவில்லை! கிரீஸ் பூசிய கட்டைகள் மேல் வழுக்கி, அணியம் மேலே எழும்பி, தண்ணீர் இரண்டாகப் பிளந்து, தெறித்த ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் படகைப் பார்க்கவே இல்லை. பெட்டியின் மூளை எவ்வளவு உழைக்கிறது என்று காட்ட ஓரத்தில் திறந்து வைத்திருந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் உச்சியில் முட்டுகிற கோடு தரையில் படுத்திருந்தது. நைனா, மூளை தூங்குது, எல்லாத்தையும் கார்டே பாத்துக்குது என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை.

"இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். இந்தத் தடவை நானும் பார்த்தேன். தண்ணீரைத் தொட்டதும் படகு இடது பக்கம் ஒரு கை அளவு குனிந்தது. குனிந்த வேகத்தில் நிமிர்ந்துகொண்டது. நைனா முன்னால் சாய்ந்து, கையை அதே மாதிரி சாய்த்து நிமிர்த்திப் பார்த்துக்கொண்டார்.

"இடப்பக்கம் குனியுது. ஆனா ஒடனே எழுந்துக்குது. நல்ல கட்டை" என்றவர் அண்ணனிடம் திரும்பினார். "ஐஸ வலப்பக்கமா கொஞ்சம் சேத்துப் போடு. பாத்துப் போய்ட்டு வா."

அண்ணன் செருப்பை மாட்டினான். போகும்போது என் தலையில் ஒரு தட்டு தட்டி, பரவாயில்லையே இன்ஜினியரு, விக்கல் நின்னுடுச்சே என்றான்.

"நின்னது எதால?" என்றார் நைனா, கண்ணை டிவியில் இருந்து எடுக்காமல். "கட்டைக்குக் கிரீஸ் போட்டாத்தான் படகு எறங்கும். நான் போட்டதாலதான் படம் இப்டி வழுக்கிக்கினு ஓடுது."

நான் கிரீஸ் டப்பாவை எடுத்து இறுக்கி மூடி, படகில் வைத்துக்கொள் என்று அண்ணன் கையில் திணித்தேன். அதற்குள் நைனா இன்னொரு வாட்டி போடச் சொன்னார்.