தலையணை உறையும் என் வலது கண்ணும்

முதலில் இடது கண்ணில்தான் புரை வந்தது. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. உத்திரமேரூரில் டைலர் கடை வைத்திருந்தேன். இந்த வயதிலா என்று எல்லோரும் கேட்டார்கள். எதிலும் முந்திக்கொள்ளாதவன் இதில் முந்திக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். மூன்றாம் வகுப்பில் ஆபரேஷன், ஐந்தாம் வகுப்பில் படுக்கை. படிக்கிற காலத்தில் ஐந்தாம் வகுப்பை எட்டிப் பார்க்காதவன், அங்கே ஒரு வாரம் படுத்திருந்தேன். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையக் கூடாது என்றார்கள். பிறகு ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள்.

அதைப் போட்டால் உலகம் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். டீ கிளாசை எடுக்கப் போனால் கையில் காற்றுதான் வரும். நேர்க்கோடு வில் மாதிரி வளையும். துணியில் கோடு வளைந்து தெரிந்தால் அது நேராக இருக்கிறது என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு நாள் கோடு நேராகவே தெரிந்தது. குணமாகிவிட்டது என்று சந்தோஷமாக வெட்டினேன். அந்தப் பேண்ட்டைப் போட்டுப் பார்த்த மானாம்பதிக்காரர் குனிந்து தன் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா டைலரே, குதிர மேல குந்திக்கினு கீற மாதிரி கீது."

"புது ஸ்டைலுங்க."

"அப்போ குதிரயும் நீயே குடுத்துடு."

ஆறு வருஷம் இப்படி ஓடியது. அதற்குள் வலது கண்ணும் வெளுத்துவிட்டது. ஊசியில் நூல் கோக்க என் மனைவிதான் வர வேண்டும். நூல் அறுந்தால் கடையிலிருந்து குரல் கொடுப்பேன். அவள் உலையை இறக்கிவிட்டு வருவாள். துணி கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த இன்னொரு டைலரிடம் போய்க்கொண்டிருந்தார்கள். வலது கண்ணும் இடது கண் மாதிரி ஆனால் மிஷினை விற்றுவிட வேண்டியதுதான். எனக்கு வேறு வேலை தெரியாது. இந்த வேலையும் தெரியாது என்று மானாம்பதியில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெட்ராஸில் ஒரு கண் டாக்டர் உள்ளேயே லென்ஸ் வைக்கிறார் என்று கேள்விப்பட்டு நாங்கள் இருவரும் போனோம். டாக்டர் ஒரு தாளில் கண்ணை வரைந்து காட்டினார்.

"கண்ணுக்குள்ள லென்ஸ் ஒரு மெல்லிசான பைக்குள்ள இருக்கு. முகாம்ல பையோட சேத்து எடுத்துட்டாங்க. அப்ப அதுதான் முறை. இப்ப நான் பையோட முன்பக்கத்த மட்டும் திறந்து, உள்ள இருக்கிற புரைய எடுத்துட்டு, அதே பைக்குள்ள பிளாஸ்டிக் லென்ஸ வைப்பேன்."

"தலைகாணி உறைய வுட்டுட்டு பஞ்ச மட்டும் மாத்தற மாதிரி சார்."

டாக்டர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமா" என்றார். அதற்குப் பிறகு என்னை டைலர் என்றே கூப்பிட்டார்.

"அப்போ இந்த எடது கண்ணுக்கும் வெச்சிடுங்க சார்."

"அதுல பை இல்லியே டைலர். எதுல வைக்கறது?"

உறை இல்லாமல் பஞ்சை எங்கே திணிப்பது. நியாயம்தான்.

"இந்தப் பை எவ்ளோ கெட்டி சார்?"

"வெங்காயத்தோல விட மெல்லிசு. நடுவுல கிழிஞ்சா லென்ஸ் வைக்க முடியாது. மறுபடியும் தடிக் கண்ணாடிதான்."

மெல்லிய துணியின் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் அது எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேச்சை மாற்ற, கண்ணை எந்த நூலால் தைப்பீர்கள் என்று கேட்டேன். பட்டு நூல், முடியை விட மெல்லியது என்றார்.

"காஞ்சிபுரம் பட்டா சார்?"

"வெளிநாட்டுலேர்ந்து வருது."

என் மனைவி, எனக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் பக்கம் திரும்பினாள். "கல்யாணத்துக்கு அப்பறம் எனக்கு ஒரு பட்டு எடுத்துத் தந்தது இல்ல. இந்தாளு கண்ணுக்கு பாரின் பட்டு கேக்குது" என்று நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பிளட் பிரஷரை எழுதினார். அது கொஞ்சம் ஏறியிருந்தது.

மறுநாள் காலை ஆபரேஷன். கண் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். முகத்தை மூடிய துணியில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை. ஓரம் மடித்துத் தைக்கவில்லை என்பதைப் போடும்போதே மூக்கில் உணர்ந்தேன். வெளிச்சம் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. டாக்டர் நர்ஸோடு பேசிக்கொண்டே வேலை செய்தார். புரை வெளியே வந்துவிட்டது என்றார். கண்ணைக் கழுவத் தண்ணீர் கேட்டார். அப்புறம் பேச்சு நின்றுவிட்டது.

நான் வேலை செய்யும்போது ஓயாமல் பேசுகிறவன். துணி கிழிந்தால் மட்டும்தான் வாயை மூடுவேன். முப்பது வருஷ அனுபவத்தில் மௌனத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் அதுதான். வெங்காயத்தோல் போய்விட்டது, மிஷினுக்கு யார் என்ன விலை கேட்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். கால் கட்டைவிரல் தானாக ஆடியது, பெடலில் இருப்பது போல.

"கிழிஞ்சிடுச்சா சார்?" என்று துணிக்கு அடியிலிருந்து கேட்டேன்.

"பேசாதீங்க டைலர். பேசினாத்தான் கிழியும்."

பேசவில்லை. கல்யாணத்தின்போது கூட நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. கடைசியில் டாக்டர் பெருமூச்சு விட்டார். "பை நல்லா இருக்கு. லென்ஸ குடுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "உக்காந்துடுச்சு" என்றார். பிறகு தையல் போட்டார். ஏழோ எட்டோ. கடைசி முடிச்சைச் சரியாக இறுக்கினாரா என்று கேட்க நினைத்து, அடக்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் கட்டைப் பிரித்தார்கள். கிட்டத்து வேலைக்கு அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடி வேண்டியிருக்கும், சோடாபுட்டி இல்லை, சாதாரணமானது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் எல்லாம் கலங்கலாக இருந்தது. மெல்ல டாக்டரின் வெள்ளைக் கோட்டு தெரிந்தது. வளையவில்லை. பெரிதாகவும் இல்லை.

"என்ன தெரியுது?"

"சார், ஒங்க கோட்டுல ரெண்டாவது பட்டன் கருப்பு நூல்ல தெச்சி கீது."

டாக்டர் குனிந்து பார்த்தார். நர்ஸும் பார்த்தார். "பார்வை நல்லா இருக்கு, எழுதிக்குங்க" என்றார் டாக்டர்.

"யார் சார் தெச்சது?"

"நானேதான்."

தலையை ஆட்டினேன். ஆட்டக் கூடாது என்று நர்ஸ் அதட்டினார். மனதில் தோன்றியதை அங்கே சொல்லவில்லை. உத்திரமேரூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, பட்டனையே இப்படித் தைக்கிறவர் என் கண்ணை எப்படித் தைத்திருப்பாரோ என்று மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் என் கண்ணைக் கிட்டத்தில் வந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"ஒன் தையலுக்கு இது தேவல" என்றாள்.