ஆன்ட்டி டிராஃபிக்

நாலு ரோடு சந்திப்பில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்திய அந்தப் பெண் போலீசுக்கு ஊர் வைத்த பெயர் சிக்னல் அக்கா. வெயிலில் கறுத்து மினுமினுத்த முகம். எந்தப் பெரிய மனிதர் கார் வந்தாலும் அவள் உள்ளங்கை நீண்டால் நின்றுதான் ஆக வேண்டும். வீட்டிலும் அதே பழக்கம். கணவர் பேச்சை இழுத்தால் கையை அவர் முகத்துக்கு நேரே காட்டுவாள், மனுஷன் கப்சிப். அவர் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவர். சாப்பாட்டில் கல் கிடந்தாலும் பொறுத்துக்கொள்வார், எழுத்தில் ஒற்று விட்டுப்போனால் பொறுக்க மாட்டார்.

நின்று நின்று அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கொடுங்கள் என்று மாற்றல் கேட்டிருந்தாள். ஒரு மத்தியானம் தலைமை அலுவலகத்திலிருந்து எழுத்தர் கூப்பிட்டார்.

"அக்கா, உங்களை ஆன்ட்டி டிராஃபிக்கிங்ல போட்டிருக்காங்க. திங்கக்கிழமை வந்துடுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆன்ட்டியா? வயசான பொம்பளைகளையெல்லாம் ஒரு மூலையில் தள்ளி, அதற்கு இப்படி ஒரு பெயரா? மீசை நரைத்த ஆண்களுக்கு அங்கிள் டிராஃபிக் என்று ஒன்று இருக்கிறதா? வெட்கத்தில் கணவரிடம்கூட வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை விசிலும், மின்னும் பட்டை ஒட்டிய மேல்சட்டையுமாகப் போய் நின்றாள். மாடியில் ஒரு சின்ன அறை. இரண்டு மேஜை, கதவு சரியாக மூடாத ஓர் இரும்பு பீரோ, சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. ரோட்டைப் பார்த்த ஜன்னல்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் அவளைவிட வயதில் சின்னவள்.

"விசில் எதுக்குக்கா?"

"டிராஃபிக்னு சொன்னாங்களே மேடம்."

"இது வேற டிராஃபிக். ஆளுங்களை ஏமாத்திக் கூட்டிட்டுப் போய் விக்கிறாங்களே, அதுக்கும் இங்கிலீஷ்ல அதே பேருதான். நாம தடுக்கிறவங்க."

"அப்போ ஆன்ட்டி?"

"தடுப்புன்னு அர்த்தம்க்கா." இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. சிக்னல் அக்கா விசிலைப் பைக்குள் திணித்தாள். வண்டி போவதற்கும் ஆளை விற்பதற்கும் ஒரே பேரா? எந்தப் புண்ணியவான் வைத்தான்?

அந்த வாரமே ஒரு பெண்ணை மீட்டுக்கொண்டு வந்தார்கள். துணிக்கடை வேலை என்று அழைத்துப்போய், வெளியூரில் ஒரு கிடங்கில் பூட்டிவைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். யார் கேட்டும் அவள் வாயே திறக்கவில்லை. சிக்னல் அக்கா பெஞ்சில் பக்கத்தில் போய் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. என்னை எதுக்கு டிராஃபிக் கேஸ்ல சேர்த்திருக்கீங்க?"

சிக்னல் அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கும் அதேதான்டி குழப்பம்! நான் விசில் எடுத்துட்டு வந்து நின்னேன், தெரியுமா?"

பெண்ணும் சிரித்தாள். அதற்கப்புறம் கொட்டித் தீர்த்தாள். வேன் டிரைவர் தேன் ஒழுகப் பேசியது, வழியில் குளிர்பானம் வாங்கித் தந்தது, எல்லாம். நடுவே, "நாலு ரோட்டுல பெரிய நெரிசல்க்கா. ஒரு போலீஸ் அம்மாதான் மத்த வண்டியெல்லாம் நிறுத்தி எங்க வேனை முதல்ல விட்டாங்க. நான் டாட்டா காட்டினேன், அவங்களும் சிரிச்சாங்க" என்றாள். சொன்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானா அது?"

சிக்னல் அக்கா அந்தப் பெண்ணின் முகத்தை உற்றுப் பார்த்தாள். எத்தனை வேன், எத்தனை டாட்டா! யோசித்துப் பார்த்தாள்; ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்தச் சந்திப்பில் நின்ற போலீஸ் அம்மா அவள் ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "இந்தப் பாழாப்போன வார்த்தை எங்கேருந்துதாங்க வந்தது?"

அவர் தடித்த அகராதியைப் புரட்டினார். "முதல்ல வியாபாரம்னுதான் அர்த்தம்மா. சரக்கு கைமாறுறது. அப்புறம் கெட்ட வியாபாரத்துக்கும் அதையே சொல்லியிருக்காங்க. வண்டிங்க போக்குவரத்துங்கிற அர்த்தம் ரொம்பப் பின்னாடி வந்தது."

"அதுக்கும் முன்னாடி?"

"இத்தாலி வரைக்கும் தடம் தெரியுது. அதுக்கு அப்பால, லத்தீன்ல குறுக்கே தேய்க்கிறதுங்கிற சொல்லா இருக்கலாம்னு சிலர், அரபியில பங்கு பிரிக்கிறதுங்கிற சொல்லா இருக்கலாம்னு சிலர். நிச்சயமா யாருக்கும் தெரியலை."

"படிச்சவங்களுக்கே தெரியலையா? அப்போ நான் இத்தனை வருஷமா எந்த டிராஃபிக்குக்குங்க வழி விட்டேன்?"

அவர் அகராதியை மூடிவிட்டு, அவள் முழங்காலுக்குத் தைலம் எடுத்து வந்தார்.

மறுநாள் அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டாள். "வேனை நான் ஏன் நிறுத்தலைன்னு உனக்குக் கோவமா?"

"எதுக்குக்கா நிறுத்தணும்? நான் அன்னிக்கு சந்தோஷமாத்தானே போனேன்."

ஆறுதலுக்குச் சொன்னாளா, உண்மையைச் சொன்னாளா? சிக்னல் அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

டிரைவர் பிடிபட்டான். வரிசையில் நிற்கிறவர்களில் அவனை அடையாளம் காட்ட வேண்டும். சிக்னல் அக்கா கூட வந்தால்தான் வருவேன் என்று பெண் அடம்பிடித்தாள். உள்ளே போனதும் பெண் கதவோரமே நின்றுவிட்டாள். சிக்னல் அக்கா அவள் தோளைச் சுற்றிக் கை போட்டு, "அவசரமே இல்லடி. நிதானமா பாரு" என்றாள். பெண் விரலை நீட்டினாள். வழக்கு முடிந்து அவனுக்கும் கிடங்குக்காரனுக்கும் சிறை கிடைத்தது. பெண்ணின் கூடப்பிறந்த அக்காவும், அக்கா வீட்டுக்காரரும் வந்து அவளைக் கூட்டிப்போனார்கள்.

சிக்னல் அக்கா கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடாததை இன்ஸ்பெக்டர் கவனித்திருந்தாள். "கஷ்டமா இருந்தா சொல்லுங்கக்கா. வேற எங்கேயாவது மேஜை வேலை பார்த்துத் தரேன்."

"வேணாம் மேடம். ஒண்ணுமே புரியாம இங்கேருந்து போனா எனக்குத் தூக்கம் வராது. இருந்து பார்க்கிறேன்."

வேறோர் இடத்தில் மீட்ட பெண்களை ஏற்றிக்கொண்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. பெஞ்சில் கிடந்த பழைய செய்தித்தாள்களை அள்ளி ஓரமாக வைத்துவிட்டு, அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள்.